மொத்தக் கருத்து: பரவாயில்லை

ஆஸ்பத்திரியில் எனக்குச் 'சந்தேகம்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது. "சந்தேகத்தைக் கூப்பிடு", "சந்தேகம் சாப்பிடப் போயிருக்கு" என்று என்னை அஃறிணையாகவே ஆக்கிவிட்டார்கள். ஆயிரத்து இருநூறு படுக்கைகள் உள்ள அந்த ஆஸ்பத்திரியின் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்வது என் வேலை. யாருக்கு என்ன மருந்து, எத்தனை மணிக்கு, யார் கையால் கொடுத்தது என்பதெல்லாம் அதற்குள்தான் இருக்கும். எதையும் மூன்று தடவை எண்ணிப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்பதால் வந்த பெயர் அது. நானும் அதைப் பட்டம் மாதிரி சுமந்துகொண்டு திரிந்தேன்.

பழைய டேட்டாபேஸ் மென்பொருள் கிழடு தட்டிப்போயிருந்தது. வாரத்துக்கு இரண்டு முறையாவது, மருந்து கொடுக்கும் நேரமாகப் பார்த்து அப்படியே உறைந்து நிற்கும். நாலாவது மாடி அறுவை சிகிச்சை வார்டிலிருந்து உடனே எனக்கு போன் வரும். அங்கே ஹெட் நர்ஸ் என் அக்கா.

"டேய், உன் மிஷின் மறுபடியும் தியானத்துல உக்காந்துடுச்சு. நான் ஊசி போடவா, இல்ல அது கண்ணு தொறக்குற வரைக்கும் காத்துட்டு இருக்கவா?"

"அஞ்சு நிமிஷம்க்கா."

"உன் அஞ்சு நிமிஷம் எத்தனை நிமிஷம்னு எனக்குத் தெரியாதா?"

அக்காவுக்கு இருபத்து மூன்று வருட சர்வீஸ். வெள்ளைச் சட்டையின் பாக்கெட்டில் உள்ளங்கை அளவு நோட்டு ஒன்று எப்போதும் இருக்கும். ஊசி போட்டதும் முதலில் அதில் படுக்கை எண், மருந்து, நேரம் மூன்றையும் பேனாவால் எழுதிவிட்டுத்தான் கம்ப்யூட்டருக்கே போவாள். அப்படி எழுதித் தீர்ந்த நோட்டுகள் மாடி வீட்டு அலமாரியில் இரண்டு தட்டு நிறைய இருந்தன. அவள் மாடியிலும் நான் கீழேயும் குடியிருந்தோம். அவளுக்கென்று இருந்தது அந்த வேலையும், என் வீட்டுக் கூச்சலும்தான்.

அந்த வருடம் பழைய மென்பொருளைச் செய்த கம்பெனி அதற்கு இனிப் பொறுப்பில்லை என்று கை கழுவியது. அடுத்த மாதக் கடைசிதான் கெடு. அதே கம்பெனியின் புதிய பதிப்பு இன்னும் சோதனையில் இருந்தது. பீட்டா என்பார்கள். அதாவது, செய்தவர்களுக்கே முழு நம்பிக்கை வராத நிலை. முழுதாக முடிந்தது வெளிவர இன்னும் ஆறு மாதம் ஆகும். அதுவரை பொறுப்பதா, பீட்டாவையே வார்டுகளில் ஓட விடுவதா என்று நான் சோதித்துச் சொல்ல வேண்டும்.

எங்கள் மேலாளர் நல்ல மனிதர். அதைச் சொல்லிவிட வேண்டும். அவருக்கு மேலே இருந்தவர்கள் அவரைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். "பீட்டான்னா என்ன, பேருதானே?" என்றார். "ஆறு மாசம் கழிச்சு அதே சரக்குக்கு வேற லேபிள் ஒட்டுவாங்க. நீங்க பாருங்க. நீங்க சரின்னா எனக்கும் சரி. உங்களைத் தாண்டி இந்த ஆஸ்பத்திரியில யார் சந்தேகப்படப் போறாங்க?"

ஆறு வாரம் சோதித்தேன். என் சோதனை முரட்டுத்தனமானது. இரண்டு இயந்திரங்கள், ஒன்றில் எழுதுவதை மற்றொன்று நகலெடுத்துக்கொண்டே இருக்கும். முதலாவது படுத்துவிட்டால் இரண்டாவது அந்த நொடியே எழுந்து வேலையைத் தொடர வேண்டும். மெஷின் அறைக்குள் போய், வேகமாக எழுதிக்கொண்டிருக்கும்போதே முதல் இயந்திரத்தின் மின்சார வயரைக் கையால் பிடுங்குவேன். பிறகு எண்ணுவேன். 'பதிவானது' என்று அது வாய் திறந்து சொன்ன வரிகள் எத்தனை, இரண்டாவது இயந்திரத்தில் உண்மையாகவே இருப்பவை எத்தனை. இரண்டும் ஒன்றாக இருந்தால் ஒரு சுற்று முடிந்தது. அந்த அறையில் குளிர் எலும்புக்குள் இறங்கும். மனைவி பின்னிக் கொடுத்த கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு இருநூற்றுப் பதினோரு தடவை பிடுங்கினேன். ஒரு வரி குறையவில்லை.

இருநூற்றுப் பன்னிரண்டாவது தடவை ஏழு வரி குறைந்தது.

பதிவானது என்று சொல்லியிருந்தது. ஆனால் இல்லை. அழிந்த தடம்கூட இல்லை, அப்படி ஏழு வரி எழுதப்படவே இல்லை என்பதுபோல இருந்தது. காரணம் தெரிய, இயந்திரம் தனக்குத்தானே எழுதிக்கொள்ளும் லாகைப் பார்க்க வேண்டும். அதைத்தான் நான் தொலைத்திருந்தேன். பசி வேளை. இருநூற்றுப் பதினோரு முறை சரியாக வந்ததில் திமிர் வேறு. இரண்டு இயந்திரத்தின் வரிகளை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு, எண்ணிப் பார்ப்பதற்கு முன்பே அடுத்த சுற்றுக்காக மற்ற எல்லாவற்றையும் துடைத்துவிட்டு ஓட விட்டிருந்தேன். மூன்று தடவை எண்ணுகிறவன் அன்றைக்கு ஒரு தடவை எண்ணக்கூட நிற்கவில்லை.

அதன் பிறகு தொண்ணூறு தடவை பிடுங்கினேன். எல்லாம் சரியாக வந்தது. கம்பெனிக்கு எழுதினேன். "எங்களால் அப்படி வரவழைக்க முடியவில்லை, லாக் இருந்தால் அனுப்பவும்" என்று பதில் வந்தது. என் கணக்கிலேயே பிழையோ என்னவோ. அப்படி நினைத்துக்கொள்ள வசதியாக இருந்தது. என் சோதனைக் குறிப்பேட்டில் தேதி போட்டு, 'ஏழு வரி. காரணம் தெரியவில்லை' என்று எழுதி மேஜை இழுப்பறையில் வைத்தேன்.

அனுமதிப் படிவம் ஒரு பக்கம்தான். 'தயார்', 'தயார் இல்லை' என்று இரண்டு கட்டம். கீழே 'மொத்தக் கருத்து' என்று ஒற்றை வரி இடம். 'தயார் இல்லை' என்று குறித்தால் எதனால் என்று கேட்பார்கள். லாக் எங்கே என்பார்கள். அதை நானே துடைத்துவிட்டேன் என்று சந்தேகமே தன் வாயால் சொல்ல வேண்டும். ஆறு மாதம் பழைய கிழத்தோடு எல்லோரும் மாரடிக்க வேண்டும், பழி என் தலையில் விழும். மேலாளர் எதிரில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் 'தயார்' கட்டத்தில் குறியிட்டேன். கருத்து வரியில் 'பரவாயில்லை' என்று எழுதினேன்.

அந்தச் சொல்லை எழுதும்போது உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். அதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. எவ்வளவு வழவழா கொழகொழாச் சொல் அது! நன்றாகவே இருக்கிறது என்றும் படிக்கலாம். ஏதோ சுமார், ஓட்டிக்கொள்ளலாம் என்றும் படிக்கலாம். நல்லபடி ஓடினால் நான் சொன்னேனே என்பேன். கவிழ்ந்தால் நான் எங்கே நல்லது என்று சொன்னேன் என்பேன். மேலாளர் படித்துவிட்டு, "சந்தேகம் வாயிலேருந்து பரவாயில்லைன்னு வந்தாலே அது நூத்துக்கு நூறுதான்" என்று முதுகில் தட்டினார். அவர் அப்படித்தான் படிப்பார் என்று எனக்குத் தெரியும்.

புதியது வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அக்கா கீழே சாப்பிட வந்தாள். கையில் சுற்றறிக்கை. நாளை முதல் வார்டில் காகிதக் குறிப்புகள் கூடாது, எல்லாம் நேராகத் திரையில்தான். இரண்டு இடத்தில் எழுதினால் குழப்பம் வருகிறதாம்.

"என் நோட்டை விடச் சொல்றாங்கடா," என்றாள். "கை ஒடிஞ்ச மாதிரி இருக்கு. நீதானே எல்லாத்தையும் பாத்த? விட்டுடலாமா?"

அப்போது நான் சொல்லியிருக்கலாம். படிவத்தில் எழுத முடியாததை வீட்டுக்குள் சொல்வதற்கு என்ன கேடு? ஆனால் 'விடாதே' என்றால் 'ஏன்' என்பாள். ஏழு வரி என்றால், 'அப்புறம் எப்படிடா கையெழுத்துப் போட்ட?' என்பாள். அவள் கேள்வி கேட்டால் எனக்குப் பத்து வயது ஆகிவிடும். தட்டைப் பார்த்தபடி வாயில் இருந்ததை மென்று விழுங்கினேன்.

"பரவாயில்லைக்கா. விட்டுடு."

"நீ சொன்னா சரி," என்றாள். பாதி எழுதிய நோட்டை அன்றே அலமாரியில் மற்றவற்றோடு வைத்துவிட்டாள்.

மூன்று வாரம் எந்தக் குறையும் இல்லை. திரைகள் பறந்தன. அக்காவே போன் செய்து, "உன் மிஷினுக்கு சுறுசுறுப்பு வந்துடுச்சு, நீ எப்ப?" என்று கேலி செய்தாள். ஒருவர் விடாமல் எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள்.

நாலாவது வாரம் ஒரு வியாழக்கிழமை மதியம் ஒன்று நாற்பத்தொன்றுக்கு முதல் இயந்திரத்தின் மின்சாரப் பெட்டி புகைந்து நின்றது. இரண்டாவது இயந்திரம் அந்த நொடியே எழுந்துகொண்டது. வார்டுகளில் திரை ஒருமுறை கண் சிமிட்டியது, அவ்வளவுதான். பழையதாக இருந்தால் அரை நாள் போயிருக்கும். மேலாளர் என் மேஜைக்கே வந்து கை கொடுத்தார். நான் எழுந்து நின்று வாங்கிக்கொண்டேன். எண்ணிப் பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

அந்த நேரத்தில் நாலாவது மாடியில் பதினாலாம் படுக்கையில் ஒரு கணக்கு வாத்தியார் இருந்தார். ஓய்வு பெற்றவர். தொண்டையில் ஆபரேஷன், பேச முடியாது. சர்க்கரைக்கு மதிய ஊசி உண்டு. ஒன்று நாற்பதுக்கு அக்கா ஊசியைப் போட்டாள். திரையில் பதிந்தாள். பச்சை எழுத்தில் 'பதிவானது' வந்ததைப் பார்த்துவிட்டு அடுத்த படுக்கைக்கு நகர்ந்தாள். இரண்டு மணிக்கு ஷிஃப்ட் மாறியது. அடுத்து வந்த இளம் நர்ஸ் திரையைப் பார்த்தாள். பதினாலுக்கு எதிரே சிவப்பில் 'கொடுக்கவில்லை' என்று இருந்தது. ஊசியோடு போனாள். வாத்தியார் கையை உயர்த்தி இரண்டு விரலைக் காட்டினாராம். இது இரண்டாவது என்று சொல்லியிருக்கிறார். அவர் மணி கேட்கிறார் என்று அந்தப் பெண் நினைத்தாள். "ஆமா சார், மணி ரெண்டுதான்" என்று சொல்லிவிட்டு ஊசியைப் போட்டாள்.

அதன் பிறகு அவர் தூங்கினார். தூங்குகிறார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். மாலையில் எழுப்பியபோது எழவில்லை, இரட்டை ஊசியில் சர்க்கரை அடியோடு இறங்கியிருந்தது. மூன்றாம் நாள் இறந்துபோனார்.

"நான் பதிஞ்சேன்," என்று அக்கா சொன்னாள். மேலாளரிடம் சொன்னாள், பெரிய டாக்டரிடம் சொன்னாள், படிக்கட்டில் மறித்துக் கேட்ட வாத்தியாரின் மகளிடமும் சொன்னாள். இயந்திரம் இல்லை என்றது. இருபத்து மூன்று வருடத்தையும் இயந்திரத்தையும் தராசில் வைத்துப் பார்த்தவர்கள் இயந்திரம் பொய் சொல்லாது என்றார்கள்.

நான் மாடி மாடியாக நடந்தேன். அந்த மதியம் யாராவது எதையாவது இரண்டாவது முறை பதிந்தீர்களா என்று சாதாரணமாக விசாரிப்பதுபோல் கேட்டேன். இரண்டாவது மாடியில் ஒரு பெண், "ஆமா சார், ஒரு காய்ச்சல் அளவு. போட்டேன்னு நெனச்சேன், பாத்தா இல்லை, மறந்துட்டேன் போல" என்றாள். குழந்தைகள் வார்டில் ஒருவர், "எனக்கு வயசாகுது சார்" என்று சிரித்தார். இப்படி ஆறு பேர். ஒவ்வொருவரும் பிழை தன்னுடையது என்று நினைத்துச் சத்தமில்லாமல் திருத்திக்கொண்டிருந்தார்கள். அக்காவோடு ஏழு. நான் ஆண்கள் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். முகம் கழுவிக்கொண்டு மேஜைக்குத் திரும்பினேன்.

விசாரணைக் குழுவின் தலைவர் கண் டாக்டர் ஒருவர். நீள மேஜை, மூடி போட்ட தண்ணீர் டம்ளர்கள். அக்கா சீருடையில் வந்திருந்தாள்.

"பச்சை வந்துச்சு சார்," என்றாள். "பச்சை வந்த பிறகுதான் அடுத்த படுக்கைக்குப் போனேன்."

"மறந்திருக்க வாய்ப்பே இல்லையாம்மா? இருபத்தெட்டு படுக்கை பாக்குறீங்க."

"முன்னாடி நோட்டுல எழுதி வைப்பேன். இருந்தா காட்டியிருப்பேன். இப்ப கூடாதுன்னுட்டாங்க."

நோட்டை விடச் சொன்னது யார் என்று அவள் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை.

தலைவர் என் படிவத்தை எடுத்துக் கண்ணருகே பிடித்தார். "தயார்னு போட்டிருக்கீங்க. மொத்தக் கருத்து, பரவாயில்லை. இதுக்கு என்ன அர்த்தம்?"

"நல்லா இருந்துச்சுன்னுதான் சார்."

"இவங்க சொல்ற மாதிரி, பதிஞ்சது காணாமப் போறது, சோதனையில ஒரு தடவையாவது நடந்ததா?"

மேலாளர் தண்ணீர் டம்ளரின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். குறிப்பேடு என் இழுப்பறையில்தான் இருந்தது, எழுந்து போய் எடுத்து வர மூன்று நிமிடம் ஆகும். அந்த ஒரு நொடியில் என் வேலை, மகளின் படிப்பு, ஒரு மனிதரைக் கொன்றவன் என்ற பெயர் எல்லாம் கண் முன்னால் வந்தன. அக்கா மட்டும் வரவில்லை. எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள், அப்படியும் வரவில்லை.

"உறுதியா சொல்ற மாதிரி எதுவும் இல்லை சார்," என்றேன்.

பத்து நாளில் அக்காவின் வேலை போனது. நர்ஸிங் கவுன்சில் அவள் பெயரைப் பதிவிலிருந்து நீக்கியது. இனி எந்த ஆஸ்பத்திரியிலும் அவள் ஊசியைத் தொட முடியாது. வாத்தியாரின் மகள் எங்கள் வாசல் வரை வந்து, "எங்கப்பா கணக்கை இப்படி முடிச்சிட்டீங்களே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து அக்கா கீழே சாப்பிட வருவதில்லை. மாடியில் அவள் நடக்கும் சத்தம் மட்டும் கேட்கும். மதியம் ஒன்றரை மணிக்குப் படுக்கைகளைச் சுற்றி வருவதுபோல அறையைச் சுற்றி வருவாள்.

நாலு மாதம் கழித்து முழுமையான பதிப்பு வந்தது. திருத்தங்களின் பட்டியலில் ஐம்பத்து மூன்றாவதாக ஒரு வரி: 'முதன்மை இயந்திரம் மாறும் நொடியில், பதிவானதாக அறிவிக்கப்பட்ட சில வரிகள் மிக அரிதாக விடுபடும் குறை சரிசெய்யப்பட்டது.'

அதை அச்செடுத்தேன். சொன்னால் வெட்கம், அப்போது எனக்கு வந்தது சந்தோஷம். கம்பெனியே சொல்லிவிட்டது. அக்கா காப்பாற்றப்படுவாள், நானும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு இரண்டு படியாக மாடிக்கு ஏறினேன்.

அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த ஒற்றை வரியைப் படித்தாள். மறுபடி படித்தாள். நர்ஸுகள் மருந்துச் சீட்டைப் படிப்பது மாதிரி விரலை வைத்துப் படித்தாள்.

"இதை வெச்சு கவுன்சில்ல மறுவிசாரணை கேக்கலாம்க்கா," என்றேன். "பாரு, அவங்களே ஒத்துக்கிட்டாங்க."

"உனக்கு எப்ப தெரியும்?"

"இன்னிக்குக் காலையிலதான் வந்துச்சு."

"பேப்பரைக் கேக்கல. இது எப்ப தெரியும்?"

அவள் எழுந்து அலமாரியைத் திறந்து, பாதியில் விட்ட அந்தக் கடைசி நோட்டை எடுத்து, எழுதாத பக்கத்தைப் புரட்டி என் முன்னால் வைத்தாள். பேனாவையும் வைத்தாள்.

"தேதி, நேரம், என்ன பாத்தேன்னு எழுது," என்றாள். "கையெழுத்தும் போடு. நான் இருபத்து மூணு வருஷம் அப்படித்தான் எழுதினேன்."

எழுதினேன். இருநூற்றுப் பன்னிரண்டாவது சுற்று. ஏழு வரி. லாகை நானே துடைத்தது. தயார் இல்லை என்று தெரிந்தே தயார் என்று குறித்தது. விசாரணையில் மறைத்தது. நோட்டை விடச் சொன்னதும் நான்தான் என்று எழுதும்போது பேனா நின்றது. அவள் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தாள். அதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் வேலை அந்தப் பக்கத்தோடு போனது. வேறு என்னென்ன போகும் என்று அப்போது தெரியாது.

அவள் வாங்கி ஒருமுறை படித்தாள். மை காயும்வரை பொறுத்து, நோட்டையும் அச்சுத்தாளையும் கைப்பையில் வைத்துக்கொண்டாள். செருப்பைப் போட்டாள். கவுன்சில் ஆபீஸ் ஊரின் மறுகோடி. இரண்டு பஸ் மாற வேண்டும், வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது.

"மன்னிச்சிடுக்கா," என்றேன். "இரு, நான் வண்டியில கொண்டு விடறேன்."

"பரவாயில்லை," என்றாள்.

இரண்டில் எதற்குச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. குடையை விரித்துக்கொண்டு படியிறங்கி பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தாள்.